பகு என்று எழுதிய ஏழு வரிகள்

போன செவ்வாய்க்கிழமை கட்டடப் பராமரிப்புப் பிரிவிலிருந்து எனக்கு ஒரு மின்னஞ்சல் வந்தது. மூன்றே வரிகள். இரண்டாம் மாடி மீட்டிங் ரூமின் மூலையில் உள்ள வாஷ்பேசினை அகற்ற வேண்டும், எண்ணிக்கை ஒன்று, செலவை எந்தத் துறையின் பேரில் எழுதுவது என்று தெரிவிக்கவும். இதுபோல ஒரு நாளைக்கு நாற்பது வரும். துறையின் பெயரைத் தட்டி அனுப்பிவிட்டு டீ குடிக்கப் போய்விடுவேன். இதற்கு மட்டும் கை நகரவில்லை.

அந்த வாஷ்பேசினைப் பார்த்திருந்தால் உங்களுக்கும் சிரிப்பு வந்திருக்கும். பன்னிரண்டு பேர் உட்காரும் கண்ணாடி மேஜை, சுவரில் பெரிய திரை, மூலையில் என் முழங்காலுக்குக் கொஞ்சம் மேலே வரும் உயரத்தில் ஒரு குள்ள வாஷ்பேசின். வெளியூரிலிருந்து வரும் அதிகாரிகள் சமோசா தின்ற கையோடு அதன் முன்னால் நின்று, குனிவதா மண்டி போடுவதா என்று யோசிப்பார்கள். இது ஏன் இங்கே இருக்கிறது என்று யாராவது ஒருவர் கேட்பார். அந்த அறையில் யாருக்கும் தெரியாது. எனக்குத் தெரியும், சொல்வதில்லை.

அன்று புனே கோந்த்வாவில் உள்ள என் வீட்டுக்கு வந்ததும் லாஃப்டில் ஏறி ஒரு பச்சை அட்டை நோட்டைத் தேடி எடுத்தேன். நோட்டு அட்டைப்பெட்டி வாசம் அடித்தது. நடுப்பக்கத்தைப் பிரித்தபோது தையல் இடுக்கிலிருந்து இரண்டு சோம்பு உதிர்ந்தன. வாயில் போட்டுப் பார்த்தேன். இத்தனை வருஷம் கழித்து அதில் ருசி என்று ஒன்றும் மிச்சமில்லை. ஆனால் சுலபா மேடம் ஞாபகத்துக்கு வர அந்த இரண்டு சோம்பு போதுமாக இருந்தது.

சுலபா என்பது மராத்தியில் சாதாரணப் பெயர். தமிழ்க்காரிக்கு அது வேறு மாதிரி காதில் விழும். முதல் நாள் அந்தப் பெயரைக் கேட்டு, சரி, எல்லாம் சுலபமாகத்தான் இருக்கும் போல என்று நினைத்தேன். அந்த எட்டு வாரத்தில் நான் தப்பாக நினைத்தவற்றின் பட்டியலில் அதுதான் முதல் வரி.

நான் பட்டியல் போடுகிறவள் என்பதை முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன். அப்போது கோயம்புத்தூரில் எம்.பி.ஏ. முதலாண்டு முடித்திருந்தேன், நிதிப் பிரிவு. அதற்கு முன்னால் எலக்ட்ரானிக்ஸ் இன்ஜினியரிங். ஒன்றிலிருந்து இன்னொன்றுக்கு எப்படிப் போனேன் என்று கேட்காதீர்கள், எனக்கே சரியாகத் தெரியாது. கோடை விடுமுறைக்குப் புனேயில், மகர்பட்டாவில், ஒரு பெரிய கம்பெனியின் நிதித்துறையில் இன்டர்னாகச் சேர்ந்தேன். வருஷா வருஷம் அவர்கள் இரண்டு இன்டர்ன்களை எடுப்பார்கள். எட்டு வாரம் முடிந்ததும் இருவரில் ஒருவருக்குத்தான் வேலைக் கடிதம். இதைக் கல்லூரியில் எங்களுக்குத் தெளிவாகச் சொல்லித்தான் ரயில் ஏற்றினார்கள்.

கடிதம் கிடைக்காவிட்டால் எனக்கு ஒரு நாற்காலி காத்திருந்தது. திருப்பூரில், பெரியப்பாவின் பனியன் கம்பெனியில், மாடிப்படிக்கு அடியில் தடுப்பு வைத்த ஒரு சின்ன அறையில். பெரியப்பா அதற்கு ஏற்கெனவே மெத்தை வாங்கிப் போட்டிருந்தார். அவர் நல்ல மனிதர். நாற்காலியும் நல்ல நாற்காலிதான். அதில் ஒருமுறை உட்கார்ந்தால் பிறகு எழுந்திருக்கவே மாட்டேன் என்று எனக்கு ஏனோ ஒரு பயம்.

தினமும் சாயங்காலம் திருச்செங்கோட்டிலிருந்து அப்பா போன் செய்வார். முதல் கேள்வி சாப்பாடு. இரண்டாவது கேள்வி:

“வேல குடுத்துருவாங்களா கண்ணு?”

“தெரியலீங்ப்பா.”

“கேட்டுப்போட வேண்டீதுதான?”

கேட்டுவிடலாம்தான். எந்த மொழியில் கேட்பது? சுலபா மேடத்தின் ஆங்கிலம் மின்னஞ்சலில் மட்டும் வரும். வாயைத் திறந்தால் பாதி இந்தி, மீதி மராத்தி. என் இந்தி, பள்ளிக்கூடத்தில் பரீட்சைக்கு எழுதி மறந்த இந்தி. ஐம்பதை நெருங்கிய, ஒல்லியான, எப்போதும் காட்டன் புடவையும் ரப்பர் அடி வைத்த செருப்புமாக இருந்த மேடம், பேசியதே கொஞ்சம். வாயில் எந்நேரமும் சோம்பு. ஒரு கேள்விக்கு ஒரு சொல்தான் பதில். அந்தச் சொல்லும் சோம்போடு சேர்ந்து பாதி மென்று வரும்.

இன்னொரு இன்டர்ன் வைஷ்ணவி. புனேயிலேயே, கட்கியில் பிறந்து வளர்ந்தவள். தாத்தா காலத்திலேயே ராணுவத் தொழிற்சாலை வேலைக்கு வந்த தமிழ்க் குடும்பம். என்னைப் பார்த்ததும், “நீ ஊர்லருந்து டைரக்ட்டா வந்திருக்கியா? மஸ்த் யார். எங்க வீட்லயும் தமில்தான்,” என்று கையைப் பிடித்துக்கொண்டாள். மஸ்த் என்றால் பிரமாதம், யார் என்றால் தோழி. வாக்கியத்தைத் தமிழில் ஆரம்பித்து மராத்தியில் முடிப்பாள். எங்கே தாண்டினாள் என்றே தெரியாது. இவள்தான் போட்டி, ஜாக்கிரதையாக இருக்கவேண்டும் என்று முதல் வாரம் நோட்டில் எழுதி வைத்தேன். அவள் தினமும் பாகர்வடி என்ற காரப் பலகாரம் கொண்டுவந்து பாதியை என் மேஜையில் வைத்தாள். பாகர்வடி கொடுப்பவளிடம் எப்படி ஜாக்கிரதையாக இருப்பது?

அந்த நோட்டைப் பற்றிச் சொல்லவேண்டும். மூன்றாவது வாரம் வரை எங்களுக்கு லேப்டாப் தரவில்லை. அதனால் காதில் விழுந்ததையெல்லாம் நான் தமிழெழுத்தில் எழுதிக்கொண்டேன். அர்த்தம் தெரியாத மராத்திச் சொல்லையும் சத்தத்தை அப்படியே எழுதிவிடுவேன், பிறகு கேட்டுக்கொள்ளலாம் என்று. தமிழில் ‘ப’ ஒன்றுதானே, ‘க’வும் ஒன்றுதானே. எழுதிய பிறகு அது எந்த ப, எந்த க என்று எனக்கே குழம்பிவிடும். சுலபா மேடம் ஒருநாள் எட்டிப் பார்த்து, “யே க்யா, ஜிலேபி?” என்றார். மொழிபெயர்த்துச் சொல்லச் சொல்லி வைஷ்ணவியிடம் நோட்டைத் திருப்பினார். வைஷ்ணவிக்குத் தமிழ் பேச வரும், எழுத்து ஒன்றுகூடத் தெரியாது. அவளுக்கும் அது ஜிலேபிதான். எனக்கு எழுத்து தெரியும், மராத்தி தெரியாது. நாங்கள் இரண்டு பேரும் சேர்ந்து ஒரு முழு ஆளாக ஆகியிருக்கலாம். அன்றைக்கு அது தோன்றவில்லை.

வேலை என்னவென்று சுருக்கமாகச் சொல்கிறேன், கொட்டாவி வந்தால் அடுத்த பத்திக்குப் போய்விடுங்கள். கம்பெனியில் பதினோரு துறைகள். மின்சாரம், கேன்டீன், கேப், செக்யூரிட்டி என்று எல்லாருக்கும் பொதுவான செலவுகளை யார் தலையில் எழுதுவது என்று காலாண்டுக்கு ஒருமுறை ஒரு ஷீட் தயாரிக்கவேண்டும். துறைத் தலைவர்களுக்கு அனுப்பினால் அவர்கள் சண்டை போடுவார்கள். சண்டை ஓய்வதற்குள் அடுத்த காலாண்டு வந்துவிடும். முடிவாகாத செலவுகள் யார் பேரும் இல்லாமல் பொதுவில் கிடக்கும். அவ்வளவுதான். இதற்கு ஒரு மாடி முழுக்க ஆட்கள்.

ஏழாவது வாரம் திங்கட்கிழமை, சுலபா மேடம் என்னைப் பக்கத்தில் உட்காரவைத்து இருபத்து மூன்று வரிகளைப் படித்தார். ஒவ்வொரு வரிக்கும் ஒரு துறையின் பெயரைச் சொல்வார், நான் எழுதுவேன். சில வரிகள் வந்தபோது மட்டும் பெயர் சொல்லவில்லை. ஜன்னலைப் பார்த்தார், மூச்சை விட்டார், “பகு” என்றார். நானும் ‘பகு’ என்று எழுதினேன். அப்படி ஏழு வரிகள்.

பகு. எனக்கு அந்தச் சொல் வந்த வேகத்தில் புரிந்துவிட்டது. அந்தப் பெருமையை இன்று நினைத்தால் காது சுடுகிறது. தமிழில் பாகம், பகுதி, பகு. இந்தியிலும் பாக் என்றால் பங்கு, வகுத்தல். ஆகவே மராத்தியில் பகு என்றால் வகு. இன்ஜினியரிங் படித்தவளின் மூளை இப்படித்தான் வேலை செய்யும், இரண்டு புள்ளி கிடைத்தால் மூன்றாவதை அதுவே வைத்துக் கோடு போட்டுவிடும். அதிலும் பங்கு பிரிப்பதுதான் எங்கள் வேலையே. யாரிடமும் கேட்கவேண்டும் என்றே தோன்றவில்லை. முதல்முறையாக ஒரு மராத்திச் சொல் தானாகப் புரிந்திருக்கிறது, அதைப் போய்க் கேட்பார்களா?

ஏழு வரிகளையும் பதினோரு துறைகளுக்கும் ஆள் எண்ணிக்கைப்படி வகுத்தேன். அதோடு நின்றிருக்கலாம். அந்த ஏழில் சில வரிகளின் பெயர் மொட்டையாக இருந்தது. ஒன்று ‘இதரம் – இரண்டாம் மாடி’. எதற்கான செலவு என்று தெரியாமல் ஒருவருடைய தலையில் எப்படி எழுதுவது? பில்களைத் தேடினேன். பால், அவல், ரப்பர் பாய், மெழுகுப் பென்சில், இரண்டு பெண்களின் சம்பளம். எழுந்து இரண்டாம் மாடிக்கே போய்ப் பார்த்தேன்.

தாழ்வாரத்தின் கடைசியில் ஓர் அறை. கதவைத் திறந்ததும் பேபி பவுடர் வாசம், அதோடு வெந்த அரிசி வாசம். பன்னிரண்டு பதின்மூன்று குழந்தைகள். அலுவலகத்தில் வேலை பார்க்கும் பெண்கள் பதினோரு மணிக்கும் நாலு மணிக்கும் வந்து பார்த்துவிட்டுப் போகும் இடம். மராத்தியில் பாளணாகர், தொட்டில் வீடு என்று அர்த்தம். பார்த்துக்கொள்ளும் பெண்ணை எல்லாரும் தாயி என்றார்கள். அம்மா என்கிறார்கள் என்று நினைத்துக்கொண்டேன். அக்கா என்று அர்த்தமாம். அதுவும் பிறகு தெரிந்ததுதான். ஒரு சின்னப் பெண் என் சுண்டுவிரலைப் பிடித்து மூலைக்கு இழுத்துப்போய், கை கழுவு என்று சைகை காட்டினாள். உள்ளே வந்தால் கை கழுவவேண்டும், அது அங்கே சட்டம். நான் அந்தக் குள்ள வாஷ்பேசின் முன் குந்தி உட்கார்ந்து கழுவினேன். அவள் என் கையைத் திருப்பிப் பார்த்து, போதாது என்று தலையாட்டினாள். இன்னொரு முறை கழுவினேன்.

சுலபா மேடம் தினமும் பதினோரு மணிக்குப் பத்து நிமிஷம் காணாமல் போவது எங்கே என்று அன்றைக்குத்தான் தெரிந்தது. தாயி எனக்குப் புரியும்படி மெதுவாக இந்தியில் சொன்னார். அவருடைய பெண் குழந்தையாக இருந்தபோது இங்கேதான் இருந்தாளாம். இப்போது அந்தப் பெண் காலேஜ் போகிறாள். மேடம் மட்டும் பழக்கம் விடாமல் வந்துகொண்டிருக்கிறார்.

என் இடத்துக்கு வந்து, ‘இதரம் – இரண்டாம் மாடி’யை அழித்துவிட்டு ‘ஊழியர் குழந்தைகள் காப்பகம்’ என்று தெளிவாக எழுதினேன். ரொம்பத் திருப்தியாக இருந்தது.

ஷீட் போகவேண்டிய புதன்கிழமை பால்கி. வாரிக்காரர்கள் என்கிற விட்டல பக்தர்கள் பண்டரிபுரத்துக்கு நடந்து போகிற ஊர்வலம் அன்றைக்கு எங்கள் பக்கத்து ஹடப்சர் வழியாகப் போகும். சாலைகள் மூடிவிடுவார்கள். பாதி அலுவலகம் வரவில்லை. வைஷ்ணவி கட்கியிலேயே மாட்டிக்கொண்டாள். சுலபா மேடம் லீவு போட்டுவிட்டு, தன் தெருவில் உள்ள பெண்களோடு சாலையோரம் மேஜை போட்டு வாரிக்காரர்களுக்கு டீ கொடுக்கப் போயிருந்தார். நான் மகர்பட்டாவிலேயே பி.ஜி.யில் இருந்ததால் நடந்து வந்துவிட்டேன். நாலு மணிக்குள் ஷீட் போகவேண்டும், எங்கே என்று நிதித்துறைத் தலைவர், எங்களுக்குப் பெரிய சார், கண்ணாடி அறையிலிருந்து கேட்டார். நான் மேடத்துக்குப் போன் செய்தேன்.

எடுத்தார். பின்னால் மிருதங்கமும் தாளமும் ஆயிரம் பேர் பாடுவதும் ஒரே அலையாக வந்தது. என் காதை ஒரு கையால் மூடிக்கொண்டு, எனக்குத் தெரிந்த இந்தியில் கத்தினேன். அந்த ஏழு வரியையும் பகு செய்துவிட்டேன் மேடம், அனுப்பட்டுமா?

தாளம். பாட்டு. யாரோ ஒரு பெண் பக்கத்தில் ஏதோ கேட்கும் குரல். பிறகு மேடத்தின் குரல்:

“ஹோ, சாலேல், சாலேல்.”

அந்தச் சொல் எனக்கு ஏற்கெனவே தெரியும். ஹோ என்றால் ஆமாம், சாலேல் என்றால் ஆகட்டும், பரவாயில்லை. போன் அறுந்துவிட்டது. நான் அனுப்பிவிட்டேன், பதினோரு துறைத் தலைவர்களுக்கும்.

மறுநாள் காலை நான் போவதற்குள்ளேயே மேடத்தின் மேஜையில் போன் அடித்துக்கொண்டிருந்தது. வைத்தால் மறுபடி அடித்தது. நான் ஒன்றும் புரியாமல் வைஷ்ணவியிடம் ஷீட்டைக் காட்டினேன். பார்த்துக்கொண்டே வந்தவள் நிமிர்ந்தாள்.

“இதெல்லாம் யார் டிவைட் பண்ணச் சொன்னா?”

“மேடம்தான். பகுன்னு சொன்னாங்க.”

“பகுன்னு சொன்னாங்களா?”

“ஏழு தடவ.”

அவள் என் முகத்தையே பார்த்தாள். பிறகு குனிந்து மேஜைமேல் தலையை வைத்துக்கொண்டாள். தோள் குலுங்கியது. அழுகிறாள் என்று நினைத்துப் பயந்துபோனேன்.

“அரே யார்,” என்றாள் மூச்சு வாங்கிக்கொண்டே. “பகுன்னா பாக்கலாம். வீ வில் ஸீ. எங்கப்பாகிட்ட வண்டி கேட்டா அதான் சொல்வாரு. அதுக்கு அர்த்தம், கெடைக்காது.”

ஏழு வரியிலும் மேடம் சொன்னது, பார்க்கலாம். அவர் ஒத்திப்போட்டதை நான் பதினோரு பங்காக வெட்டி ஊருக்கெல்லாம் அனுப்பியிருக்கிறேன். திருப்பூர் நாற்காலியின் மெத்தை என் கண்முன்னால் வந்தது. சிவப்பு ரெக்ஸின்.

சுலபா மேடம் திட்டவில்லை. நோட்டைக் கொண்டுவரச் சொன்னார். நான் அந்தப் பக்கத்தைத் திறந்து சொல்லின்மேல் விரலை வைத்தேன். தமிழில் பகு என்றால் டிவைட் என்று அர்த்தமாம் மேடம் என்று வைஷ்ணவி மராத்தியில் விளக்கினாள். மேடம் அந்த ஜிலேபியைக் கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு சிரித்தார். எட்டு வாரத்தில் அந்த ஒரு முறைதான். சோம்பு புரையேறி, இருமி, கண்ணில் தண்ணீர் வந்து, மறுபடி சிரித்தார். நோட்டில் சோம்பு சிந்தியது அப்போதுதான் என்று நினைக்கிறேன். சிரித்து முடித்ததும் போன் அடித்தது. எடுத்துக் கேட்டார். முகம் மாறிவிட்டது. எங்கள் துறையில் ஒருவருக்கும் குழந்தை கிடையாது, இந்தக் காப்பகத்துக்கு நாங்கள் ஏன் கொடுக்கவேண்டும் என்று அந்தப் பக்கத்தில் ஒருவர் கேட்டுக்கொண்டிருந்தார். அன்று காலையில் அப்படிக் கேட்ட நாலாவது ஆள் அவர்.

மூன்று மணிக்குப் பெரிய சார் எங்களைக் கூப்பிட்டார். நாங்கள் மூன்று பேரும் கண்ணாடி அறையில் நின்றோம். ஷீட்டைப் பிரின்ட் எடுத்து வைத்திருந்தார், காப்பகம் என்ற வரியில் சிவப்பு வட்டம். சத்தம் போடுகிற மனிதர் இல்லை. வகுக்கச் சொன்னது யார் என்று என்னைப் பார்த்து ஆங்கிலத்தில் கேட்டார்.

இங்கேதான் நான் உங்களிடம் உண்மையைச் சொல்லவேண்டும். என் வாயில் ஒரு வாக்கியம் தயாராக இருந்தது. போனில் மேடத்திடம் கேட்டேன் சார், சாலேல் என்றார். அதில் பொய் எதுவும் இல்லை. அந்த ஒரு வாக்கியம் சொன்னால் நான் தப்பிப்பேன், கடிதம் கைவிட்டுப் போகாது. ஆனால் அந்த சாலேல் எனக்குச் சொன்னதா, பக்கத்தில் டீ கேட்ட பெண்ணுக்குச் சொன்னதா என்று எனக்கு அப்போதும் சந்தேகம்தான். சந்தேகம் இருந்தும், “சார், போன்ல…” என்று ஆரம்பித்துவிட்டேன். ஆரம்பித்ததை மறைக்க முடியாது.

“மைனே போலா,” என்றார் சுலபா மேடம். நான்தான் சொன்னேன். “சாலேல் போலா.”

வாயில் சோம்பு இல்லாமல் அவர் பேசி நான் கேட்டது அப்போதுதான். பெரிய சார் எங்கள் இருவரையும் போகச் சொன்னார். கண்ணாடிக்கு வெளியிலிருந்து பார்த்தோம். மேடம் முக்கால் மணி நேரம் நின்றுகொண்டே இருந்தார். உட்காரச் சொல்லவில்லையா, இவர் உட்காரவில்லையா, தெரியாது.

ஷீட்டைத் திரும்பப் பெற்றுக்கொண்டோம். ஏழில் ஆறு வரிகளை எல்லாரும் மறந்துவிட்டார்கள். காப்பகத்தை மட்டும் மறக்கவில்லை. கேன்டீனில் மேடம் வைஷ்ணவியிடம் மராத்தியில் ஏதோ சொல்லிக்கொண்டிருந்தார். பிறகு வைஷ்ணவி எனக்குச் சொன்னாள். ஒன்பது வருஷமாக ஒவ்வொரு காலாண்டும் அந்த வரி வரும்போது மேடம் பகு என்றுதான் சொல்லி வந்திருக்கிறார். யார் தலையிலும் எழுதாத செலவை யாரும் கேள்வி கேட்பதில்லை. பெயரையும் அதனால்தான் மொட்டையாக விட்டிருந்தார்.

இதை என்னிடம் நேராக ஏன் சொல்லவில்லை? சொன்னால் எனக்குப் புரியாது என்றா, புரிந்துவிடும் என்றா? அன்றிலிருந்து யோசிக்கிறேன்.

கடைசி நாள் வெள்ளிக்கிழமை. அடையாள அட்டையைத் திருப்பிக் கொடுத்துவிட்டு மேடத்தின் மேஜைக்குப் போனேன். கேட்க இரண்டு கேள்விகள் எழுதி வைத்திருந்தேன், இந்தியில், வைஷ்ணவியிடம் திருத்தம் வாங்கி. அப்பாவின் கேள்வியை முதலில் கேட்டேன். எனக்கு வேலை கிடைக்குமா, மேடம்?

“பகு.”

இரண்டாவது கேள்வி. அன்றைக்குப் போனில் சாலேல் என்று எனக்குத்தான் சொன்னீர்களா?

மேடம் டப்பாவைத் திறந்து கொஞ்சம் சோம்பை என் உள்ளங்கையில் போட்டார், கொஞ்சம் தன் வாயில் போட்டார், ஜன்னலைப் பார்த்தார்.

“பகு.”

அன்று சாயங்காலம் அப்பா போன் செய்தார்.

“குடுக்கறாங்களாமா கண்ணு?”

“பாக்கலாங்ப்பா.”

“பாக்கலாம்னா என்ன அர்த்தம்?”

அதைத்தான் நானும் கேட்டுக்கொண்டிருந்தேன்.

நாலு மாதம் கழித்துக் கடிதம் வந்தது. அப்பா அதைப் பிரின்ட் எடுத்துச் சாமி படத்துக்கு முன்னால் வைத்தார். பெரியப்பா வருத்தப்படாமல் அந்த நாற்காலியை வேறு யாருக்கோ கொடுத்தார். பெருமைப்பட்டுக்கொள்ள எனக்கும் ஆசைதான். ஆனால் அதற்கு முந்தின வாரம் வைஷ்ணவி போன் செய்து, ஹிஞ்சேவாடியில் ஒரு சாஃப்ட்வேர் கம்பெனியில் சேர்ந்துவிட்டதாகச் சொல்லியிருந்தாள். அவளுக்கு முதலில் கொடுத்து, அவள் மறுத்து, பிறகு எனக்கு வந்ததா? கேட்டேன். “சோட் நா யார், கெடச்சுதுல்ல,” என்று பேச்சை மாற்றிவிட்டாள். விட்டுத்தள்ளு என்று அர்த்தம். மேடம் சிபாரிசு செய்தாரா, வகுத்தபிறகு மிஞ்சிய மீதிதான் நானா, இன்றுவரை தெரியாது.

அடுத்த ஜூனில் வேலைக்குச் சேர்ந்த முதல் நாள், காலை பதினோரு மணிக்கு இரண்டாம் மாடிக்குப் போனேன். தாழ்வாரத்தில் பேபி பவுடர் வாசம் இல்லை, புது பெயின்ட் வாசம். கதவில் மீட்டிங் ரூம் என்று பலகை. காப்பகத்தை மூடிவிட்டு, மகர்பட்டா வாசலுக்கு வெளியே ஒரு தனியார் காப்பகத்தோடு ஒப்பந்தம் போட்டிருந்தார்கள். அங்கே போய்வர இருபது நிமிஷம் ஆகும். பதினோரு மணிக்கும் நாலு மணிக்கும் எழுந்து போகிற பெண்கள் யாரும் இப்போது எழுந்திருப்பதில்லை. தாயி எங்கே போனார் என்று கேட்டேன், யாரோ யாரையோ கேட்கச் சொன்னார்கள். சுலபா மேடம் நாசிக் கிளைக்கு மாற்றல் வாங்கிப் போயிருந்தார். அவராகக் கேட்டு வாங்கினார் என்றார்கள். வாழ்த்துச் சொல்வதுபோல ஒரு மின்னஞ்சல் எழுதி, அழித்து, எழுதி, அனுப்பாமலே விட்டேன்.

அது எப்படியும் மூடியிருக்கும் என்று சிலர் சொல்கிறார்கள். அந்த வருஷம் கேன்டீனைச் சுருக்கினார்கள், ஜிம்மை எடுத்தார்கள், இதுவும் போயிருக்கும் என்கிறார்கள். இருக்கலாம். நான் ஒரு பக்கத்தில் காரணங்களையும் மறுபக்கத்தில் மறுப்புகளையும் எழுதிப் பார்த்தேன். இரண்டும் ஒரே நீளத்தில் வந்து நின்றன. பட்டியல் எனக்கு உதவாமல் போன இடம் அது ஒன்றுதான்.

அறையைக் காலிசெய்தவர்கள் வாஷ்பேசினை மட்டும் விட்டுவிட்டார்கள். எடுக்கும் செலவை யார் பேரில் எழுதுவது என்று அன்றைக்கு முடிவாகவில்லையாம்.

செவ்வாய்க்கிழமை மின்னஞ்சலுக்கு நான் பதில் போடவில்லை. எங்கள் மென்பொருளில் இப்போது எந்தச் செலவையும் சும்மா விட்டுவைக்க முடியாது. துறைக்கான கட்டம் காலியாக இருந்தால் அந்த வரியே சிவப்பாகிவிடும். மூன்று நாள் சிவப்பாகவே வைத்திருந்தேன். வெள்ளிக்கிழமை பராமரிப்புப் பிரிவிலிருந்து போன் வந்தது. அந்த வாஷ்பேசினை என்ன செய்வது மேடம் என்று ஒருவர் மராத்தியில் கேட்டார்.

“பகு,” என்றேன்.

“ஹோ மேடம்,” என்று வைத்துவிட்டார். அவருக்குப் புரிந்தது. எனக்கும் இப்போதெல்லாம் அந்தச் சொல் பார்க்கலாம் என்று மட்டுமே கேட்கிறது. வைஷ்ணவி போனில் சொன்னாலும், கீரைக்காரர் சொன்னாலும், அது மட்டும்தான். வகுக்கச் சொல்லிக் கேட்ட என் பழைய காது எப்போது போனதென்று நான் கவனிக்கவில்லை.

நேற்று, திங்கட்கிழமை, மீட்டிங் ரூமுக்குப் போனேன். வாஷ்பேசின் இல்லை. சுவரில் என் முழங்கால் உயரத்தில் கையகலத்துக்கு வெள்ளை சிமென்ட், ஈரம் இன்னும் காயவில்லை. என் இடத்துக்கு வந்து, யார் பேரில் எழுதினார்கள் என்று தேடினேன். என்னிடமிருந்து பதில் வராததால் அவர்களே பழைய கணக்குத் தலைப்புகளில் எதையோ தேடி எடுத்துப் போட்டிருந்தார்கள். சிவப்பு போயிருந்தது. கட்டத்தில் இருந்தது: இதரம் – இரண்டாம் மாடி.